முறைப் பலகை

எங்கள் நாட்டில் பணத்துக்குப் பெயரே மலை.
மலோட்டி என்றால் மலைகள்.
முந்நூறு மலையைக் கொடுத்துவிட்டு
ஒரு மலையைப் பார்க்க வருகிறார்கள் என்று
செலிசோ சிரிப்பான்.
வந்தவர்களும் சிரிப்பார்கள், மொழி தெரியாமல்.

சவாரிச் சங்கத்துத் தகரக் கொட்டகையில்
பலகை என் பொறுப்பு.
பதினேழு குதிரைகள், சாக்பீஸில் பதினேழு பெயர்கள்.
இன்று போய்வந்தது நாளை கடைசியில் நிற்கும்.
எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில்
பதினொரு வருஷம் விளக்கு எண் எழுதியவன் நான்.
இறங்கினவர் எத்தனை, ஏறினவர் எத்தனை,
ஒத்துப் பார்க்காமல் கட்டையைச் சாய்த்ததில்லை.
ஒரே ஒரு இரவு ஒத்துவரவில்லை.
அது வேறு கதை.

சுரங்கம் எங்களை வேண்டாமென்ற பிறகு
கம்பளியைப் போர்த்திக்கொண்டு
சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம் இரண்டு குளிர்காலம்.
பிறகு சாலையில் ஆட்கள் வந்தார்கள்.

சவாரி முந்நூறு.
குதிரைக்காரருக்கு நூற்றைம்பது.
வழிகாட்டும் கவுஹெலோவுக்கு எண்பது.
லாடம், கூரை, ரசீதுப் புத்தகம் நாற்பது.
மீதி முப்பது பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு.
ஜன்னலில் இன்னமும் அட்டைதான்.
பணம் எங்கே என்று கேட்பீர்கள்.
ஜனவரி வெள்ளத்தில் நடைபாலம் போயிற்று,
பாலம் இல்லாமல் ஏது சவாரி,
சவாரி இல்லாமல் ஏது ஜன்னல்.

ஜூலையில் பனி விழுந்த வாரம்
ஒருத்தி வந்தாள், கைப்பேசியை நீட்டினாள்.
யாரோ எடுத்த படம்: பனியில் செஃபாகோ.
செஃபாகோ என்றால் ஆலங்கட்டி. அத்தனை வெள்ளை.
"இந்தக் குதிரைதான் வேண்டும்."
பலகையில் அன்று லெபோனேயின் முறை.
லெபோனே என்றால் விளக்கு, பெயருக்கு மட்டும்;
சேற்று நிறம், இடது காது கிழிசல்.
உறைந்த பாறையில் அதைப்போல்
யோசித்துக் கால் வைக்கும் பிராணி இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.
யோசனையைப் படம் பிடிக்க முடியுமா?

அவள் ஐநூறு தருவதாகச் சொன்னாள்.
நான் விரலால் அழித்தேன்.
மாபொலோகோ சேணத்தை இறுக்கி முடித்திருந்தாள்.
ஒன்றும் பேசாமல் அவிழ்த்தாள்,
ஒவ்வொரு வாராக.

ஆகஸ்டில் பீச் மரங்கள் ரோஜா நிறத்தில் வெடித்தபோது
கணக்கு வாசித்தேன்:
செஃபாகோ நாற்பத்தொரு சவாரி. லெபோனே ஒன்பது.
கொட்டகைக்குள் இருமல் சத்தம் மட்டும்.
மாபொலோகோ எழுந்தாள்.
"சுரங்கத்திலும் இப்படித்தான்
எண்ணை மாற்றி எழுதினாயா?"
அவள் அண்ணன் அந்த இரவு ஏறி வராதவன்.
நான் மாற்றவில்லை. சொல்லவும் இல்லை.
சாக்பீஸ் கையில் மாவாகியிருந்தது.

மறுநாள் செலிசோவே வந்தான்.
செஃபாகோவின் முதுகில் சேணப் புண்,
உள்ளங்கை அகலம்.
"பத்து நாளைக்கு இவன் பெயரை எழுதாதே" என்றான்.
அந்தப் பத்து நாளும்
வெள்ளைக் குதிரை கேட்டு வந்தவர்களில்
பாதிப் பேர் காரைத் திருப்பிக்கொண்டார்கள்.
அதையும் எழுதி வைத்தேன், செலவுப் பக்கத்தில்.
மீதிப் பேரில் ஒருவன், தாடிக்காரன்,
லெபோனேயின் மேல் ஏறி உட்கார்ந்து
வழியெல்லாம் படம் எடுத்தான்.
சேணத்தில் இருந்து எடுத்தால்
எல்லாப் படத்திலும் குதிரையின் காது விழும்.

இன்று காலை ஒரு வேன் நிற்கிறது.
இறங்கிய பையன் கைப்பேசியை நீட்டுகிறான்:
கிழிந்த காது, அதற்கு அப்பால் மலைகள், மலைகள்.
"இந்தக் குதிரைதான் வேண்டும்."

பலகையில் செஃபாகோவின் முறை.
புண் ஆறி, மயிர் முளைத்து, வாசலில் நிற்கிறது.
செலிசோ என்னைப் பார்க்கவில்லை.
மாபொலோகோ பார்க்கிறாள்,
புல்லரியும் அரிவாளை இடுப்பில் செருகியபடி.
"ஐநூறு தருவானா, கேள்" என்கிறாள்.
கிண்டலா, கணக்கா தெரியவில்லை.
பாலத்துக்கு இன்னும் இரண்டு பலகை பாக்கி.